ரோட்டிலிருந்து நாலாவது குழி

தினேஸ்வரி மத்தியானத்தில் தூங்குகிற பிள்ளை இல்லை. கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே அவளைக் கண் மூட வைப்பதற்குள் சரளாவுக்கு உயிர் போய் உயிர் வரும். இப்போது ஏழு வயது. பள்ளி வேனை விட்டு இறங்கினால் பை ஒரு மூலை, சப்பாத்து ஒரு மூலை, டிவி சத்தம் அடுத்த தாமான் வீடுகள் வரைக்கும் கேட்கும். அதனால்தான் அந்த வியாழக்கிழமை, புந்தோங் வீட்டின் ஹாலில் ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த சரளா, தையல் மெஷினிலிருந்து காலை எடுத்த நிமிஷமே வீடு அமைதியாக இருப்பதைக் கவனித்தாள். மணி இரண்டு. டிவியில் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தத்தை மட்டும் யாரோ குறைத்திருந்தார்கள்.

எழுந்துபோய் அறையில் பார்த்தாள். தினேஸ்வரி பள்ளிச் சீருடையோடு சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சப்பாத்துகள் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக இருந்தன. வயிற்றின் மேல் ஒரு துண்டு, நான்காக மடித்துப் போட்டிருந்தது. அந்தப் பெண் தன் வாழ்நாளில் ஒரு துணியையும் மடித்ததில்லை. அறை முழுக்க மல்லிகை வாசம்.

பூ வாசம் இல்லை அது. பூ என்றால் காலையில் ஒரு மாதிரி இருக்கும், வாடும்போது ஒரு மாதிரி இருக்கும். இது பாட்டிலில் அடைத்து வந்த பழைய காலத்து செண்ட். இனிப்புத் தூக்கலாக, அடியில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடியோடு, மூக்கில் ஏறி நேராகத் தொண்டையில் போய் உட்காருகிற வாசம். திரைச்சீலையில், தலையணையில், பிள்ளையின் தலைமுடியில் என்று எங்கே குனிந்தாலும் அது அங்கே முன்னாலேயே வந்து காத்திருந்தது.

சரளா பயப்படவில்லை. உள்ளதைச் சொன்னால் அவளுக்கு சந்தோஷமாக இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சை நன்றாக இழுத்து, "வந்துட்டீங்களா" என்று மெதுவாகக் கேட்டாள்.

அம்மா மாரியாயி செத்தபோது சரளாவுக்கு ஆறு வயது. ஆயர் தாவார் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த இடுகாட்டில் புதைத்தார்கள். கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது. ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி, அவ்வளவுதான். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். இப்போது செம்பனையையும் வெட்டி வீடு கட்டப் போகிறார்கள். இடுகாட்டை அப்புறப்படுத்தப் போகிறோம், சொந்தக்காரர்கள் வந்து எலும்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி தேதி போட்டு நோட்டீஸ் ஒட்டியது. அண்ணன் தேவனுக்கு அந்தத் தேதியில் பார்த்து எண்ணெய் ஆலையில் லீவு கிடைக்கவில்லை.

"ரோட்டுல இருந்து நாலாவது குழி. கண்ண மூடிக்கிட்டு எண்ணலாம்லா" என்று போனில் சொன்னான்.

சரளா ரோட்டிலிருந்துதான் எண்ணினாள். குரோட்டன் செடிகள் காடாக மண்டிக் கிடந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தோண்டியவர்கள் எலும்புகளோடு ஒரு சின்ன பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தார்கள். விரல் நீளம், பச்சைக் கண்ணாடி, இறுக்கமான ரப்பர் மூடி. லேபிளில் பாதிப் பூ மட்டும் மிச்சம். உள்ளே பாதி அளவுக்குப் பழுப்பாக ஏதோ ஆடியது.

அம்மாவின் பொருள் என்று அவளிடம் ஒன்றுமே இருந்ததில்லை. அடையாள அட்டையிலிருந்த ஐசி போட்டோவைப் பெரிதாக்கிய படம் ஒன்று இருந்தது. பெரிதாக்கியதில் முகம் புகைந்துபோய் யார் வேண்டுமானாலும் என்று ஆகிவிட்டது. குழியில் இருந்த பொருளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அம்மாவுடையது ஆயிற்றே என்று கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

எலும்புகளை மஞ்சள் தண்ணீரிலும் பாலிலும் கழுவி, எரித்து, சாம்பலை லூமுட் கடலில் கரைத்தார்கள். வீடு திரும்பியதும் அவர்கள் குடும்ப வழக்கப்படி வாசல்படியில் விளக்கேற்றி வைத்து, மகள் மூன்று தரம் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள். "அம்மா, உள்ள வாங்க. இது உங்க வீடு. அம்மா, உள்ள வாங்க." மூன்றாவது தரம் குரல் உடைந்துவிட்டது. அம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட்டே முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. பிறகு பாட்டிலைத் திறந்து தன் கழுத்தில் ஒரு பொட்டும் மகளின் கழுத்தில் ஒரு பொட்டும் வைத்தாள். இதெல்லாம் நடந்து பத்து நாள்.

வெள்ளிக்கிழமையும் தினேஸ்வரி இரண்டு மணிக்குத் தூங்கினாள். சனிக்கிழமை பள்ளி இல்லை. இருந்தும் இரண்டு மணிக்குக் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். முதல் நாள் மூன்று மணிக்கு எழுந்தவள், மறுநாள் நான்குக்கு, அதற்கு மறுநாள் ஐந்தேகாலுக்கு எழுந்தாள். ஒவ்வொரு தடவையும் துண்டு மடித்துப் போட்டிருந்தது. நெற்றியில் விழும் முடியைத் தண்ணீர் தொட்டு ஒதுக்கிவிட்டிருந்தது.

"யாருடி உனக்குத் துண்டு போத்திவிட்டது?" என்று சரளா கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அவங்கதான்."

"எவங்க?"

"நீதானே கூப்பிட்ட, அவங்க" என்று சொல்லிவிட்டு தினேஸ்வரி மைலோவைக் குடித்தாள்.

சரளாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். பேத்தியைத் தூங்கவைக்க வருகிறவள், பெற்ற மகளை ஒரு தரம் எட்டிப் பார்க்கக் கூடாதா?

திங்கட்கிழமை அவள் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மெஷின் ஓடும்போது எதுவும் கேட்காது. நூல் அறுந்து காலை எடுத்தபோது, அறைக்குள்ளிருந்து ஸ்பிரிங் தொட்டில் ஆடுகிற சத்தம் வந்தது. கிரீச் என்று கீழே இறங்கி, ஒரு மூச்சு நேரம் நின்று, கிரீச் என்று மேலே ஏறியது. ஒரே சீராக, அவசரமில்லாமல், வேறு வேலையே இல்லாத ஒருத்தர் ஆட்டுவது மாதிரி. தினேஸ்வரியின் தொட்டிலையும் ஸ்பிரிங்கையும் நான்கு வருஷத்துக்கு முன்னாலேயே கொடுத்தாயிற்று. சரளா அறைக்குப் போனபோது சத்தம் இல்லை. மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசம் மட்டும் முந்தைய நாளைவிட இரண்டு மடங்கு இருந்தது, வாயில் சோப்புத் தண்ணீர் போனது மாதிரி நாக்கு வரைக்கும் கசந்தது. அப்போதுதான் அவள் முதல் தடவையாக ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பிள்ளையை எழுப்ப முடியவில்லை. ஐந்து மணிக்கு உலுக்கினாள். ஆறு மணிக்குத் தூக்கி உட்காரவைத்தாள்; தலை தோளில் சாய்ந்தது. ஆறரைக்கு ஃபாக்டரி ஷிப்ட் முடிந்து வந்த கணவன் விக்னேஸ்வரன் முகத்தில் தண்ணீர் தெளித்தான், கன்னத்தில் தட்டினான், பெயர் சொல்லிக் கத்தினான். எட்டு மணிக்கு தினேஸ்வரி தானாகக் கண்ணைத் திறந்து, "என்னப்பா?" என்று கேட்டாள். அவள் வாய் திறந்ததும் விக்னேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிள்ளையின் மூச்சில் அந்தச் செண்ட் வாசம் வந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். இரண்டு மணிக்கு அங்கேயும் தூங்கினாள். வார்டில் நர்ஸ் ஒருத்தி வந்து, பிள்ளைகள் வார்டில் இவ்வளவு செண்ட் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று சரளாவைக் கடிந்துகொண்டாள். சரளா தலையை ஆட்டினாள். எல்லா டெஸ்ட்டும் சரியாக இருக்கிறது, வளரும் பிள்ளை, அசதியாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லி, அடுத்த மாதத்துக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம்.

ஞாயிற்றுக்கிழமை தேவன் ஆயர் தாவாரிலிருந்து மோட்டாரில் வந்தான். வாசல் கேட்டைத் தாண்டி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே இரண்டு எட்டு வைத்தவன் அப்படியே நின்றான்.

"என்ன சரளா இந்த நாத்தம்?"

"நாத்தம்னு சொல்லாதண்ணே. அம்மாவோட செண்ட்டு."

"எந்த அம்மா?"

சரளா சாமி அலமாரியில் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். தேவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மேசையில் வைத்துவிட்டுக் கையை கால்சட்டையில் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"அம்மாவுக்கு வாசமே ஆகாது" என்றான். "தலையில மல்லிப்பூ வெச்சாலே மண்டையிடி வந்து வாந்தி எடுக்கும். கல்யாண வீட்டுல கூட தள்ளிப் போய்த்தான் நிக்கும். உனக்கு ஞாபகம் இல்ல, நீ சின்னப் பிள்ள."

சரளா சாமி அலமாரியிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எந்த ரோட்டுல இருந்து எண்ணுன?"

"கார் வந்த ரோட்டுலதான். வேற ரோடு ஏது?"

"அது செம்பனைக்குப் போட்ட ரோடுலா" என்றான் தேவன். குரல் கீழே போய்விட்டது. "நான் சொன்னது ரப்பர் பால் லாரி போன பழைய ரோடு. இடுகாட்டுக்கு அந்தாண்ட பக்கம். ஐயோ சரளா. நான் கூட வந்திருக்கணும்."

ஆக, அவள் எண்ணியது தலைகீழ். மஞ்சள் தண்ணீரில் கழுவியதும், மடியில் வைத்துக்கொண்டு கடல் வரைக்கும் போனதும், வாசலில் நின்று அழுது அழுது கூப்பிட்டதும் வேறு யாரையோ. அறைக்குள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மணி இரண்டே முக்கால்.

யார் என்று கேட்பதற்கு ஒரே ஆள்தான் மிச்சம். அம்மாவோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் இருந்து ரப்பர் பால் வெட்டிய வீரம்மா, இப்போது தைப்பிங்கில் மகன் வீட்டில் இருந்தார். தேவன் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. வார்த்தைகளுக்கு நடுவே தகரக் கூரைச் சத்தம் கேட்டது. பச்சை பாட்டில், மல்லி செண்ட் என்று தேவன் சொன்னதும் வீரம்மா அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"ராக்காயி" என்றார் கடைசியில். "ஆயாக் கொட்டாயில பிள்ளைங்கள பாத்துக்கிட்டவ. நாங்க விடிய முன்ன வேலைக்குப் போறப்ப அவகிட்டதான் விட்டுட்டுப் போவோம். பிள்ளைங்க மேல அவ்வளவு ஆசை அவளுக்கு. ரெண்டு மணி ஆனா தொட்டில் துணியில அந்தச் செண்ட்ட தொட்டு வெப்பா. எப்பேர்ப்பட்ட அழுவுணியும் தூங்கிரும்."

"அப்புறம் என்னாச்சு பெரியம்மா?" என்று சரளா கேட்டாள்.

"ஒரு நா மூணு பிள்ளைங்க எந்திரிக்கல. அடி இல்ல, காயம் இல்ல, விஷம் இல்ல. தூங்கின மாதிரியே கிடந்துச்சுங்க. அவளும் அன்னிக்கே பால் ஒறைய வெக்கிற ஆசிட்ட குடிச்சிட்டா." மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார் வீரம்மா. "நீயும் அந்தக் கொட்டாயிலதான் இருந்த கண்ணு. ரெண்டு வயசு. அன்னிக்கு உங்கம்மா பத்து மணிக்கே வந்து பாத்தா, அவ தூக்குனதுல உன் மேலெல்லாம் செண்ட் வாடை. அவளுக்குத் தாங்கல. அப்பவே தூக்கிட்டு வந்துட்டா. அதான் நீ இருக்க."

தேவன் போனை எடுக்கப் போனான். வீரம்மா இன்னும் முடிக்கவில்லை.

"சாவறதுக்கு முன்ன ராக்காயி லயம் லயமா ஏறி எறங்குனா. நாலு பிள்ளைய என்கிட்ட விட்டாங்க, ஒன்ன காணமே, பாத்தீங்களான்னு எல்லாரையும் கேட்டா."

பிள்ளையை விக்னேஸ்வரனிடம் விட்டுவிட்டு அன்றைக்கே இருவரும் ஏழாங்கட்டைக்குப் போனார்கள். அம்மாவையாவது எடுத்துவிடலாம், அம்மா வந்தால் இவளை விரட்டுவாள் என்று ஒரு நப்பாசை. அங்கே இடுகாடு இல்லை. பார்வை போகும் வரைக்கும் செம்மண், சீராக, உருளை ஓட்டி அழுத்திய செம்மண்; இரண்டு மண் வாரி மெஷின்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் நின்றன. எது பழைய ரோடு, எது புது ரோடு, எங்கே முதல் குழி, எங்கே நாலாவது? தேவன் அங்கேயும் இங்கேயும் நடந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான். தன்னை ஒரு தரம் காப்பாற்றிய ஒரே மனுஷியை இந்த மண்ணுக்கடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று சரளாவுக்குப் புரிந்தது. அழக்கூட வரவில்லை. வரும் வழியில் தேவன் கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலை ஆற்றில் வீசினான்.

வாசம் போகவில்லை. கூடியது.

மறுநாள் காலையில் சரளா வாசல்படியில் நின்று, மனதிலிருந்த தைரியத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு, "ராக்காயி, இது உன் வீடு இல்ல. போயிரு" என்றாள். மூன்று தரம் சொன்னாள். பின்னால் பள்ளிப் பையோடு நின்ற தினேஸ்வரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏம்மா பேர் சொல்லிக் கூப்பிடுற? அம்மான்னுதானே கூப்பிட்ட?" என்றாள். "அம்மாவ போன்னு சொன்னா எங்க போவாங்க?"

அன்று மத்தியானம் பிள்ளையைத் தேவன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். காரின் கண்ணாடிகளை ஏற்றியதும் வாசம் காருக்குள் இருந்தது. ஆயர் தாவாரில் இரண்டு மணிக்குத் தூங்கிய தினேஸ்வரி இரவு பதினொன்றுக்கு எழுந்தாள். மறுநாள் இரண்டு மணிக்குத் தூங்கியவள் புதன்கிழமை விடியற்காலை மூன்றுக்குத்தான் எழுந்தாள். எழுந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேர்வதற்குள் உதடு சிவந்துவிட்டது, பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டது. டாக்டர் மாறியிருந்தார், பதில் மாறவில்லை. கணக்குப் போட சரளாவுக்குப் படிப்பு தேவையில்லை. அடுத்த தூக்கத்திலிருந்து எழுந்துவருவாள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அன்றைக்குப் பிள்ளையோடு புந்தோங் வீட்டுக்கே திரும்பினார்கள்; விக்னேஸ்வரன் லீவு போட்டான். சித்தியவான் பக்கம் ஒரு கோயில் பூசாரி இருக்கிறார், இப்படித் தவறிக் கூப்பிட்டதை முறையாக அனுப்பிவைப்பார் என்று தேவன் விசாரித்துச் சொல்லியிருந்தான். அவரைக் கூட்டிவர விக்னேஸ்வரன் காலையிலேயே கிளம்பினான். கிளம்பும்போது சரளாவின் இரண்டு தோளையும் பிடித்து, "நான் வர்ற வரைக்கும் அவள தூங்க விடாத. ஒரே ஒரு நாள். இன்னிக்கு மட்டும்" என்றான்.

"தூங்க விடமாட்டேங்க" என்றாள் சரளா.

மழை ஒரு மணிக்குப் பிடித்தது. வெளியே பகலா சாயங்காலமா என்று தெரியாத இருட்டு. சரளா வீட்டிலிருந்த எல்லா விளக்குகளையும் போட்டாள், டிவியை முழுச் சத்தத்தில் வைத்தாள், ரேடியோவையும் போட்டாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அதன் மேல் பூட்டும் போட்டாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றி நடந்தாள். ஐஸ் கட்டிகளைத் துணியில் கட்டி வைத்திருந்தாள். கடுங்காப்பி இரண்டு கோப்பை குடித்திருந்தாள்.

ஒன்றே முக்காலுக்கு போன் வந்தது. "லாரி ஒன்னு கவுந்து ரோட்ட அடைச்சிருக்கு. சாமி கூடத்தான் இருக்காரு. மூணுக்குள்ள வந்துருவேன். முழிச்சிருக்காளா?"

"முழிச்சிருக்கா. நடந்துக்கிட்டு இருக்கோம். சீக்கிரம் வாங்க."

இரண்டாம் வாய்ப்பாடு சொன்னார்கள். மூன்றாம் வாய்ப்பாடு சொன்னார்கள். நான்காம் வாய்ப்பாட்டில் டிவி சத்தம் குறைந்தது. ரிமோட் மேசையில் இருந்தது, யாரும் தொடவில்லை. சரளா பார்க்காதது மாதிரி நடந்தாள். ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. மழை மட்டும் கேட்டது, மழைக்கு அடியில் ஸ்பிரிங் கேட்டது, கிரீச் என்று இறங்கி, நின்று, கிரீச் என்று ஏறி, இப்போது அது அறைக்குள் இல்லை, ஹாலில், தலைக்கு நேர் மேலே, அவர்கள் நடக்க நடக்கக் கூடவே வந்தது.

"நாலஞ்சு?" என்றாள் சரளா.

"இருபது."

"நாலாறு?"

பதில் வரவில்லை. வாசம் வந்தது. சுவர்களிலிருந்து, தரையிலிருந்து, வாளியில் ஊற்றினது மாதிரி வந்தது. தினேஸ்வரியின் கால்கள் நடந்துகொண்டேதான் இருந்தன, கண்கள் மூடியிருந்தன. சரளா ஐஸ் துணியை அவள் கழுத்தில் வைத்தாள். கன்னத்தைக் கிள்ளினாள். ஓங்கி அறைந்தாள். தன் பிள்ளையை அவள் அறைந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சத்தத்துக்குக் கூட பிள்ளை முகம் சுளிக்கவில்லை. முழங்கால் மடங்கிச் சரிந்தவளைத் தூக்கிக்கொண்டு அறைக்கு ஓடி, கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, தன் மேல் போட்டுக்கொண்டு, "தினேஷு, எந்திரி, அம்மா பாரு, அம்மா இங்க பாரு" என்று கத்தினாள்.

பிள்ளை அவள் மடியிலிருந்து நழுவிக் கட்டிலில் இறங்கி, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தாள். தானாக இறங்கவில்லை. யாரோ பதமாக வாங்கி இறக்கினார்கள்.

சரளா கையை நீட்டினாள்.

கை நீளவில்லை.

மடியில் கிடந்தது, யாருடையதோ மாதிரி. கால் மரத்திருந்தது. கழுத்து திரும்பவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. வாயைத் திறந்து கத்தினாள். கத்தியதாக நினைத்தாள்.

தினேஸ்வரியின் முதுகில் நீலச் சட்டைத் துணி லேசாக அழுந்தியது. நிமிர்ந்தது. அழுந்தியது. ஐந்து விரல்களும் ஒரு உள்ளங்கையும் அளவுக்கு. யாரும் இல்லை. துணி மட்டும் அழுந்தி, நிமிர்ந்து, அழுந்தியது. பிள்ளையைத் தூங்கவைக்கிற தட்டு. சரளாவும் ஆயிரம் தடவை தட்டியிருக்கிறாள்.

'என்ன எடுத்துக்க' என்று மனதுக்குள் கெஞ்சினாள். 'நான்தான் அந்தப் பிள்ள. நாலாவது. என்ன எடுத்துக்க. அவள விட்டுரு.'

கட்டிலில் கிடந்த போன் வெளிச்சம் போட்டது. விக்னேஸ்வரன். அடித்தது. நின்றது. அடித்தது.

தட்டு மெதுவானது. ஒரு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு. நீண்ட இடைவெளி.

வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம். கேட் திறக்கும் சத்தம். "சரளா" என்று விக்னேஸ்வரன் கூப்பிட்டான். பூட்டியிருந்த கதவைத் தட்டினான். "சரளா, கதவத் தெற. வந்துட்டோம்."

ஒரு தட்டு.

பிறகு இல்லை.

சரளா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நீல உடுப்பு மூச்சுக்கு ஏற வேண்டும். ஏறும். இதோ ஏறும். கண்ணில் தண்ணீர் நிறைந்து மறைத்தது, இமைக்க முடியவில்லை, வழிந்து தெளிந்தது. உடுப்பு ஏறவில்லை. தூங்கிவிட்ட பிள்ளையை இனித் தட்ட வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்ட கையின் அச்சு துணியில் அப்படியே இருந்தது.

விக்னேஸ்வரன் கதவை உதைத்தான். பூசாரியின் குரலும் கேட்டது. அவர்கள் ரொம்ப தூரத்தில் இருந்தார்கள்.

சரளாவின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு ஊசி நுழையக்கூட இடமில்லாத இடத்தில், ஓர் உள்ளங்கை வந்து படிந்தது. அது குளிரவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது. மெல்லத் தட்டத் தொடங்கியது.